மில்லுச் செவுத்துல என் போட்டோ

கோவமா? எனக்கென்னய்யா கோவம், நீங்க வேற. மொதல்ல உக்காருங்க. அந்தச் சேர் வேணாம், காலு ஆடும், இங்குட்டு இதுல உக்காருங்க. டீ போடவா? மதினி வீட்ல இல்ல, தைரியமாக் குடிக்கலாம். அவுக இருந்தா, பாஸ்டரு குடிச்ச டம்ளர்னு தனியா கவுத்து வச்சிருவாக. எனக்கே இப்பத் தனித் தட்டுதான. சர்ச்சுக்குப் போயிட்டு வந்தா அடுப்படிப் பக்கம் வரக்கூடாதாம்.

போஸ்டரா? பாத்தேன், பாத்தேன். புதுவயல்ல அதப் பாக்காத ஆளு யாரு இருக்கா? ரைஸ்மில்லுச் செவுரு நீளத்துக்கும்ல ஒட்டியிருக்கீக. மொட்டத்தலயா ஒரு போட்டோ, முடி மொளச்சுப் பட்டுச்சேல கட்டுனது ஒண்ணு, நடுவுல ஒரு அம்புக்குறி. புற்றுநோயிலிருந்து பரிபூரண சுகம், சகோதரி அழகியின் சாட்சி, ஞாயிறு காலை, அனைவரும் வருக. லாரில மூட்ட ஏத்துறவன்லாம் நின்னு என் மொட்டத்தலையப் பாக்குறான்யா. ஜெபத்துல வைக்கிறேன்னு சொல்லித்தான போட்டோ கேட்டீக? செவுத்துல ஒட்டுறேன்னு சொல்லலையே.

சரி, ஒட்டுனது ஒட்டியாச்சு. சாட்சின்னு மைக்கப் புடிச்சு என்னத்தச் சொல்லணும்ங்கிறீக? நடந்ததச் சொன்னா உங்களுக்கு ஆகாது, அதான் யோசிக்கிறேன்.

மஸ்கட்டுல ஒரு வீட்டுக்குச் சமையலுக்குப் போனவதான நான். புருசன் போனப்பறம் அண்ணன் வீட்டுச் சோத்த எத்தன நாளைக்குத் திங்கிறது? போன எடத்துல வயித்துல கட்டின்னுட்டாக. ஆப்பரேசன், அப்பறம் அந்த மருந்து ஏத்துறது, பதினோரு வாரம் படுக்க. வேல பாத்த வீட்டம்மா மொத நாளு வந்துச்சு, அம்புட்டுத்தான். எங்கண்ணன் அருள்பாண்டி வீடியோவுல வருவாரு. அம்மன் சன்னதியில நின்னு சூடத்தக் காட்டுவாரு. தங்கச்சி, நீ பொழச்சு வந்து ஓட்ட ஓட்டையா உள்ள வெளக்கெரியிற ஆயிரங்கண் பானையத் தலையில தூக்கிக் கோயிலச் சுத்தி வரணும்னு நேந்துருக்கேம்பாரு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, சாப்புட்டியா ஆத்தான்னு கேட்டிருப்பாரா அந்த மனுசன்? எம்புட்டு அழுதிருக்கேன் தெரியுமா அந்தக் கட்டில்ல.

அங்க வார்டு கூட்ட வரும் ஒரு பிள்ள. ராம்நாடு பக்கம். பேரு அனுசுயா, கழுத்துல பாத்தா சிலுவ. என்னடி இதுன்னேன். பேரு எங்கப்பன் வச்சது, இது நானா எடுத்துக்கிட்டதுன்னா. வேல முடிஞ்சதும் துடப்பத்த வச்சுப்புட்டு எங்கால்மாட்டுல உக்காருவா. அந்த மருந்துல காலு ரெண்டும் மரத்துப்போகும்யா, கட்ட மாதிரி. எண்ணெயத் தேச்சு நீவிக்கிட்டே ஜெபம் பண்ணுவா. என்னான்னு பண்ணுவாங்கிறீக? ஆண்டவரே, இந்த அக்கா இன்னிக்கு ஒரு வாய் கஞ்சி குடிக்கணும், வாந்தி வரக்கூடாது. ஆமென். முடிஞ்சுபோச்சு.

ஏன்டி, என்னையக் குணமாக்கச் சொல்லிக் கேக்க மாட்டியான்னேன் ஒரு நாளு. அது அவரு பாடுக்கா, எனக்குக் கஞ்சிதான் தெரியும்னா. சிரிச்சுட்டேன்யா. கட்டி வந்ததுலருந்து அன்னிக்குத்தான் சிரிச்சேன். அந்தக் கட்டில்ல யாரோ எங்கூட இருக்காகன்னு இருந்துச்சு. பயம் போச்சு. உங்க ஏசப்பாவ நான் அங்கதான் பாத்தேன், மைக்கு முன்னாடி இல்ல.

இருங்க, சொல்லி முடிச்சிர்றேன். ஊருக்கு வந்தா எங்கண்ணன், அம்மந்தான் பொழைக்க வச்சா, நீ பானை எடுக்காட்டி எம்மக கல்யாணம் தட்டிப்போகும்ங்கிறாரு. நீங்க என்னடான்னா பானையத் தொட்டா சாட்சி செல்லாதுங்கிறீக. அவரு பானைக்கும் ஞாயித்துக்கெழம, உங்க சாட்சிக்கும் ஞாயித்துக்கெழம. ஆடு வாங்க வந்த ரெண்டு பேரு மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுக்குறீகளே, ஆட்டுக்கு எங்க வலிக்குதுன்னு யாராச்சும் கேட்டீகளா?

நீங்களும் கேக்கலய்யா. மூணு மாசமா உங்க சபைக்கு வாரேன். அல்லேலூயா சிஸ்டர், எப்ப சாட்சின்னுதான் கேட்டீக.

போன செவ்வாக்கெழம அரியக்குடில ஒரு விசேசம்னு மதினிட்டப் பொய் சொல்லிட்டு மதுரைக்குப் போனேன். ஒத்தையிலதான். ஸ்கேன் எடுத்தாக. ஈரல்ல ரெண்டு எடத்துல திரும்பக் கட்டி வந்திருக்காம். டாக்டரு சின்னப் பிள்ள, பாவம், எம்மூஞ்சியப் பாக்காமச் சொன்னுச்சு. தீவாளி தாண்டுறது கஷ்டம்னு.

ஏன் எந்திரிக்கிறீக? உக்காருங்க. தலையில கை வைக்காதீகய்யா, வேணாம். நோய அதட்டி வெரட்டவும் வேணாம், அதெல்லாம் போஸ்டருக்குச் செய்யுங்க. அண்ணனுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா நேர்த்திய முடிக்காததால வந்துச்சும்பாரு. உங்க சபையில விசுவாசம் பத்தலன்னு பேசுவாக. ரெண்டுல எதக் கேட்டாலும் எனக்கு வயிறு எரியும்.

எனக்கு ஒரு விசயந்தான் தெரியணும். அண்ணன் வீட்ல செத்தா என்னைய எரிச்சிருவாக. அனுசுயா காட்டுன சாமிகிட்ட நான் போகணும், மண்ணுக்குள்ள, சபைக்காரவுக மாதிரி. சாக்கோட்டை ரோட்டுல உங்க சபைக்குக் கல்லறைத் தோட்டம் இருக்குல்ல? பரிபூரண சுகம்னு நீங்க ஊரு பூராம் ஒட்டுன பொம்பள தீவாளிக்குள்ள செத்துப்போனா, அதுல ஒரு குழி குடுப்பீகளா? இல்ல, உங்களுக்கு அசிங்கமாப் போயிருமா?

சொல்லுங்கய்யா. இதக் கேக்கத்தான் உங்கள வரச் சொன்னேன்.