நான்கு சாட்சிகள், ஒரே முகவரி

தலவாக்கலையிலிருந்து ஹட்டன் போகிற பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் கையில் ஒரு கடிதம். நிற்கவும் இடமில்லாத பஸ்ஸில் அவள் குரல் மட்டும் தாராளமாக இருந்தது.

"நாங்க நாலு பேரும் ஒரே ஆளுங்கிறான்க்கா."

"யாருடி?"

"ஆஸ்திரேலியாவுல தம்பியோட அகதி அப்பீல விசாரிச்சவன். பொலிஸு தம்பிய இழுத்துட்டுப் போனதப் பார்த்தோம்னு நாலு பேரு சாட்சிக் கடிதம் எழுதுனோம்ல? நாலுலயும் ஒரே அட்ரஸாம். அதனால ஒருத்தரே ஒக்காந்து எழுதுனதாம்."

"கூறுகெட்டவன்! தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் அட்ரஸ விட்டா நமக்கு வேற எது இருக்கு?"

"தம்பி அதத்தான் சொல்லியிருக்கான். அதுக்கு அந்த விசாரிச்சவன், முந்நூறு குடும்பத்துக்கு ஒரே அட்ரஸா, நம்புற மாதிரி இல்லன்னு எழுதி வச்சிருக்கான்."

"அந்த நாட்டு அரசாங்கத்துக்குப் பயப்படாம தனியா விசாரிப்பாங்கன்னு சொன்னாங்களே?"

"நல்லா விசாரிச்சான்! இப்ப தம்பியத் திருப்பி அனுப்புறாங்க."

கொட்டகலையில் பஸ் நின்றது. மூத்தவள் கடிதத்தை வாங்கி, படிக்காமலே மடித்துக் கொடுத்தாள்.

"எந்த அட்ரஸுக்காம்?"

"அதே அட்ரஸுக்குத்தான்."

"அங்க ஆளக் கண்டுபிடிக்கப் பொலிஸுக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லயே."