வீட்டு லைசன்ஸ்

செல்வமலர்: ஒரு பட்டனை அமத்திறதுக்கும் லைசன்ஸோ?

அஜந்தா: பட்டனுக்கில்லை மச்சாள். ஹோலுக்குச் சூடு குடுக்கிற பொயிலரிலை கை வைக்கிறதுக்கு.

செல்வமலர்: அமத்தி அமத்திப் பாத்திட்டன். காலமை நிண்டது நிண்டதுதான். தம்பியின்ர பெண்சாதி காஸ் வேலை செய்யிறா, வந்து திருத்துவா எண்டு கொண்டாட்டத்துக்கு ஹோல் எடுத்த ஆக்களுக்கும் சொல்லிப்போட்டன்.

அஜந்தா: என்னைக் கேக்காமலோ?

செல்வமலர்: கேட்டா நீர் இப்பிடித்தானே சொல்லுவீர்.

அஜந்தா: புவாண்ட்-கிளேரிலை ஒரு வேலையை அரைகுறையா விட்டிட்டு ஓடிவந்தனான். நான் வீடுகளுக்குச் செய்யிறனான், மச்சாள். இது...

செல்வமலர்: வீட்டிலையும் பொயிலர்தானே. அதே காஸ், அதே தண்ணி. என்ர ஹோலுக்கு மட்டும் என்ன குறை?

அஜந்தா: வீடோ ஹோலோ எண்டதில்லை கதை. ஒரு கடையிலை சின்னப் பொயிலர் இருந்தா நான் கழட்டிப் பூட்டுவன். இதைப் பாருங்கோ, கார் மாதிரி நிக்குது. இந்த அளவுக்கு வேற சோதினை, வேற லைசன்ஸ்.

செல்வமலர்: அப்ப பெரிசெண்டபடியாத்தான் பயம்.

அஜந்தா: பயமில்லை... சரி, பயமெண்டே வையுங்கோ.

செல்வமலர்: பின்னேரம் பெரியபிள்ளையான ஒரு பிள்ளைக்குச் சாமத்தியவீடு. ரொறன்ரோவிலையிருந்தும் சனம் வருது. அந்தப் பிள்ளை சீலைக்கு மேலை ஸ்னோ ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டோ மணவறையிலை இருக்கிறது?

அஜந்தா: பொயிலர் கொம்பனிக்குப் போன் அடிச்சனீங்களோ?

செல்வமலர்: அடிச்சன். லுண்டி, லுண்டி எண்டு நிக்கிறான். திங்கட்கிழமை வந்து ஆருக்கு என்ன பிரயோசனம்?

அஜந்தா: இந்தக் குளிருக்குள்ளை ஹீற்றர் நிண்டுபோச்செண்டா இண்டைக்கே வருவினமே...

செல்வமலர்: எனக்கென்ன தெரியும். அவன் பிரெஞ்சிலை கதைச்சான்.

அஜந்தா: நீங்கள் பிரெஞ்சு நல்லாக் கதைப்பியள்.

செல்வமலர்: இப்ப என்ர பிரெஞ்சோ பிரச்சினை? கையிலை என்ன, ரோச் லைட்டோ? செய்யமாட்டன் எண்டீர்.

அஜந்தா: பாக்கிறன். தொடமாட்டன்.

செல்வமலர்: பாத்தால் சூடு வந்திடுமோ? சரி, நீர் பாத்துக்கொண்டிரும். நான் அருமைராசா அண்ணைக்கு அடிக்கிறன்.

அஜந்தா: அவர் ஆர்?

செல்வமலர்: வீடு வீடாப் போய் ஹீற்றர் திருத்திறவர். அவரும் வீட்டு லைசன்ஸ்தான். ஆனா உம்மை மாதிரிச் சட்டம் கதைக்கமாட்டார்... ஹலோ, அண்ணை? ஓம், செல்வமலர். இந்த ஹோல் பொயிலர் ஒருக்கா...

அஜந்தா: மச்சாள், போனை வையுங்கோ.

செல்வமலர்: பொறும்... இல்லை அண்ணை, உங்களை இல்லை...

அஜந்தா: வையுங்கோ எண்டுறன். இஞ்ச வந்து பாருங்கோ. புகை போற குழாய் உக்கி வாய் பிளந்து கிடக்கு. சுவரெல்லாம் கரி. இதைப் பத்தவைச்சா நச்சுப் புகை வெளியாலை போகாது. மேலை, ஹோலுக்குத்தான் வரும். மணம்கூட இராது.

செல்வமலர்: அண்ணை, பேந்து எடுக்கிறன்... வைச்சிட்டன். உமக்கு என்னெண்டு தெரியும்? வீட்டு லைசன்ஸ்காரிக்கு உந்தப் பெரிய பொயிலர் சரிவராதெண்டு இப்பத்தானே சொன்னீர்.

அஜந்தா: பொய் சொன்னனான்.

செல்வமலர்: என்ன?

அஜந்தா: பெரிய லைசன்ஸும் எடுத்திட்டன். போன வருசமே சோதினை பாஸ். உங்கட தம்பிக்குக்கூடச் சொல்லேல்லை. இப்ப காஸை மூடிப் பூட்டுப் போடப் போறன். அருமைராசா அண்ணை வந்தாலும் திறக்கக் கூடாது.

செல்வமலர்: சொந்தத்துக்குள்ளை ஒளிக்கிற விசயமோ உது?

அஜந்தா: சொல்லியிருந்தா? வீட்டு லைசன்ஸ் எடுத்த நாள் தொடக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டிலை இருக்க விட்டனீங்களோ? பெரியம்மாவின்ர ஹீற்றர், மாமாவின்ர சினேகிதன்ர அடுப்பு... பெரிய லைசன்ஸ் எண்டா கோயில், கடை, ஹோல் எல்லாம் என்ர தலையிலை. அதுதான் ஏலாது எண்டு சொல்லிப் பழகிப்போட்டன். இண்டைக்கும் அப்பிடியே சொல்லிப்போட்டுப் போயிருப்பன்... குழாயைப் பாக்காமலே.

செல்வமலர்: அவனும் அந்தக் குழாயைத்தான் சொன்னவன்.

அஜந்தா: எவன்?

செல்வமலர்: கொம்பனிக்காரன். வியாழக்கிழமை வந்து பாத்தவன். திங்கட்கிழமை குழாய் மாத்துவம், அதுவரைக்கும் தொடவேண்டாம் எண்டு காஸை மூடிப்போட்டுப் போனவன்.

அஜந்தா: அப்ப ஆர் திறந்தது?

செல்வமலர்: நான்தான்... நேற்று மேலை டான்ஸ் வகுப்பு. பிள்ளையள் வெறுங்காலோட ஆடுறதுகள், குளிருமெண்டு...

அஜந்தா: பிள்ளையளுக்கு ஏதும் செய்ததோ? மச்சாள், என்னைப் பாத்துச் சொல்லுங்கோ.

செல்வமலர்: ரண்டு மூண்டு பேர் தலை சுத்துது எண்டதுகள். ஒண்டு... சத்தி எடுத்தது.

அஜந்தா: போனை எடுங்கோ. ஒவ்வொரு தாய்க்கும் அடியுங்கோ, இப்பவே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கோ.

செல்வமலர்: என்னெண்டு சொல்லுவன் அஜந்தா... உங்கட பிள்ளை தலையிடிக்குது எண்டு அழுதது, நான் பசியாக்கும் எண்டு ரோல்ஸ் குடுத்தனான் எண்டோ?