மந்திரியாகாத வக்கீலு

…மூணு மணிக்கு வாங்கன்னுதானே சொன்னாரு? இப்ப மணி நாலரை! ஒக்காருங்கம்மா. இந்த ஃபேனு சுத்தாது, சும்மா பேருக்கு இருக்கு. சாரு மீன்சுருட்டியில ஒரு காதுகுத்துக்குப் போயிட்டாரு. முன்னாள் எம்எல்ஏல்ல! யாரு கூப்புட்டாலும் கெளம்பிருவாரு. குமாஸ்தாவா இருவத்தாறு வருசமாக் கத்துறேன், இந்த அரியமுத்து பேச்சு யாரு காதுல ஏறுது?

முத்தமிழ்செல்வன் சாருன்னா லேசுப்பட்ட ஆளில்லீங்க. ஜெயங்கொண்டம் கோர்ட்டுல முந்திரிக்காட்டுத் தகராறுன்னாலே இவருதான். எலக்சன்ல நின்னப்ப கேஸுல ஜெயிச்சவனும் ஓட்டுப் போட்டான், தோத்தவனும் போட்டான்! சட்டசபையில மொத நாளே எந்திரிச்சு, "சிமெண்டு லாரி போற ரோட்டோரத்துல கருப்பாடு, செவப்பாடு எல்லாம் ஒரே கலராயிடுச்சுங்க"ன்னாரு பாருங்க! சபையே சிரிச்சுது. மறு மாசமே ரோட்டுல தண்ணி தெளிக்க வண்டி வந்துச்சா இல்லியா? வந்துச்சு!

அடுத்த தடவ ஜெயிச்சா மந்திரின்னு கட்சியில பேச்சு. என்னாச்சு? வேட்புமனு தள்ளுபடி! ஊருக்கே மனு எழுதிக் குடுத்த மனுசனோட சொந்த மனு தள்ளுபடி! பிரமாணப் பத்திரத்துல ஒரு எடம் காலியாம். "இல்லை"ன்னு மூணு எழுத்து எழுதியிருந்தாப் போதும்ங்க. அந்த எலக்சன் அதிகாரிக்கு ஈவு எரக்கம் வேணாம்? மாத்து வேட்பாளருன்னு பேருக்கு மனு போட்டவன் ஜூனியர் அறிவரசன். சாரோட கருப்புக் கோட்டத் தூக்கிட்டு வந்த பய! அவன் இப்ப மந்திரி. முன்னாடி ஒரு போலீஸ் ஜீப்பு, பின்னாடி ஒரு ஜீப்பு…

என்னாங்க? யாரு எழுதுனதா? அது… ஆபீஸுலதான் எழுதுனோம். ஆமாங்க, தள்ளுபடிக்கு மொத நாளே நோட்டீசு குடுத்தாங்கதான். நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள புதுசா எழுதிக் கொண்டாங்கன்னு. அதக் கையெழுத்துப் போட்டு வாங்குனது… நாந்தாங்க. சட்டைப் பையிலதான் வச்சிருந்தேன். சாயங்காலம் தம்பி பொண்ணுக்கு நிச்சயம்னு சட்டைய மாத்துனேன். வூட்டுல அத எடுத்து சோப்புத் தண்ணியில ஊற வச்சிட்டாங்க.

கட்சிக்காரனுவ என்னை அடிக்கவே வந்துட்டானுவ. சாரு குறுக்க நின்னு, "பத்திரத்தப் படிச்சுப் பாக்காமக் கையெழுத்துப் போட்டவன் நாந்தாய்யா, அவனை விடுங்க"ன்னாரு. காருல திரும்பி வந்தோம். ஆபீஸு வாசல்ல எறங்கையில, "அரியமுத்து, சாப்டியா?"ன்னாரு. நாலு வார்த்த திட்டியிருந்தா தூங்கியிருப்பேங்க…

சரி, அத விடுங்க. ஒங்க அப்பீலுக்கு நாளைக்கித்தானே கடைசி நாளு? பேப்பர எங்கிட்டக் குடுத்துட்டு நீங்க பஸ்ஸப் புடிங்க, நான் பாத்து… யம்மா! எங்க எந்திரிச்சிட்டீங்க? சாரு வர்ற வரைக்கும் வாசல்லயே நிக்கிறீங்களா? வெயிலு மண்டையப் பொளக்குதுங்க!

…சரி, நில்லுங்க. நானா இருந்தாலும் அங்கதான் நிப்பேன்.