ரிங் தேய்ந்த டிராக்டர்

பழைய டீசல் எஞ்சின் கொஞ்சம் புகையத்தான் செய்யும், சார். சைலன்சர் வழியாக வருகிற புகையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எஞ்சினின் வயிற்றுக்குள்ளிருந்து, ஆயில் ஊற்றுகிற வாய் வழியாக வருகிற புகையைத்தான் பார்க்க வேண்டும். எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, அந்த வாயின் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து மேலே சும்மா வைக்க வேண்டும். அசையாமல் கிடந்தால் வீட்டுக்குப் போகலாம். துள்ளிக் கீழே விழுந்தால், பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்ந்துவிட்டது, மேலே எரிகிற காற்று கீழே இறங்குகிறது என்று அர்த்தம்.

ஆமத்தூரில் இருக்கும் என் பட்டறைக்கு ஆலங்குளத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிராக்டர்கள்கூட வரும். “அய்யாதுரை சொல்லிட்டாருன்னா மறுபேச்சுக் கெடையாது” என்பார்கள். பிள்ளைகுட்டி இல்லாதவன் நான். எனக்கென்று இருந்தது அந்த ஒரு பேர்தான்.

பாண்டிச்செல்வம் எங்கள் ஊர்க்காரன், விவசாயம் பார்க்கிற சம்சாரி. அவனுடைய டிராக்டர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. சொந்தக் காட்டை உழுவான், தீபாவளி சீசனில் விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி லோடு அடிப்பான். இந்த வருஷம் கோடை முழுக்க வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. ஆடியில் எடுத்து ஓட்டினால் ஆயில் வாயில் புகை குபுகுபுவென்று வருகிறது, அளவுக்கம்பி சொருகிய ஓட்டை வழியாக ஆயில் கசிகிறது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினான்.

எஞ்சினின் வயிற்றுக் காற்று வெளியே போவதற்கு ஒரு குழாய் இருக்கும். பிரீதர் என்போம். முதலில் அதைத்தான் குனிந்து பார்த்தேன். வாயில் மண் அப்பியிருந்தது. கை வைக்கப் போனேன். பாண்டிச்செல்வத்தின் மனைவி கற்பகவல்லி ஓடி வந்தாள்.

“அண்ணே, அங்கன கை வச்சிராதீக. குளவி கூடு கட்டிருக்கு. பாண்டிமீனாவுக்கு நாள் தள்ளிப் போயிருக்கு.”

வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். யாரும் கலைக்க மாட்டார்கள். அவர்கள் மகள் பாண்டிமீனா கல்யாணமாகிப் பல வருஷம் ஏச்சும் பேச்சும் கேட்ட பிள்ளை. நான் கையை எடுத்துக்கொண்டேன். மூடியைக் கவிழ்த்து வைத்தேன். அது துள்ளி என் காலடியில் விழுந்தது. சுற்றி நின்ற ஆட்களெல்லாம் என் முகத்தையே பார்த்தார்கள்.

“ரிங் போச்சு பாண்டி. எஞ்சினப் பிரிச்சிர வேண்டியதுதான்” என்றேன்.

பிரீதர் அடைத்திருந்தால் நல்ல எஞ்சினிலும் மூடி துள்ளுமே என்று நீங்கள் கேட்கிறீர்கள். துள்ளும். ஸ்பேனர் பிடித்த முதல் வருஷமே தெரிந்துகொள்கிற விஷயம் அது. ஆனால் நான் சொல்லிவிட்டேன், சார். சொன்னால் சொன்னதுதான்.

சீசன் நெருங்குகிற நேரத்தில் எஞ்சினைப் பிரித்தால் பிழைப்பு போய்விடும் என்று பாண்டிச்செல்வம் வண்டியைச் சிவகாசி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் வெள்ளைத்துரையிடம் கொண்டுபோனான். அவனுக்குக் குளவியும் கிடையாது, கோயிலும் கிடையாது. ஒரு கம்பியை விட்டுக் குடைந்து மண்ணை எடுத்தான். புகை நின்றுவிட்டது.

மறுநாள் டீக்கடையில் எவனோ சொன்னான். “ஏலே, அய்யாதுரையக் குளவி கொட்டிருச்சாம்லே.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நான் போகும்போதெல்லாம் யாராவது ஒருத்தன் வாய்க்குள்ளேயே குளவி மாதிரி ரீங்காரம் போடுவான். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பாண்டிச்செல்வம் பட்டறைக்கு வந்து பேசியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“மனசுல வச்சுக்கிறாதீக மச்சான். யானைக்கும் அடி சறுக்கும். சீசனுக்கு முன்னால ஆயில மாத்தி, ஏர் கிளீனரக் கழுவி விட்ருங்க. ஒங்க கை பட்டாத்தேன் எனக்குத் திருப்தி.”

பிரியமாகத்தான் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. எனக்குப் பாவம் பார்த்து வேலை கொடுத்தான். எனக்கு அது ஆகாது.

அந்தக் காலத்து எஞ்சினில் ஏர் கிளீனரின் அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். அதில் ஆயில் ஊற்றி வைப்போம். உள்ளே போகிற காற்று தூசியை அதில் விட்டுவிட்டுப் போகும். கிண்ணத்தில் ஒரு கோடு உண்டு. நான் கோட்டுக்கு மேலே கொஞ்சம் ஊற்றினேன். சும்மா ஓட்டினால் தெரியாது. லோடு இழுத்து மேடு ஏறும்போது எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சிப் புகைவிடும். விஸ்வநத்தத்தில் அவன் லோடு இறக்குகிற கம்பெனியின் கேட்டுக்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறது. புகைகிற வண்டியைப் பட்டாசுக் கம்பெனிக்குள் விட மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். சீசனில் கேட்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும். வெள்ளைத்துரை பார்த்த வண்டி மறுபடியும் புகைகிறது என்ற பேச்சு, வண்டி திரும்பும் முன்பே ஆமத்தூர் வந்து சேர்ந்திருக்கும். நான் கேட்டது அவ்வளவுதான்.

கொஞ்சம் என்று சொன்னேன். கிண்ணம் நிறைய ஊற்றினேன், சார். இதில் எதற்குப் பொய்.

நிறைய ஊற்றினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஆலங்குளத்தில் ஒரு வண்டிக்கு அப்படி ஆனது. எஞ்சின் ஆயிலையே குடித்து ஓட ஆரம்பிக்கும். டீசலை நிறுத்தினாலும் நிற்காது. கத்திக்கொண்டே ஓடி உடைந்துவிடும். அன்றைக்கு நாங்கள் ஓடிப்போய்க் கல் குவியலுக்குப் பின்னால் நின்றுகொண்டோம். பாண்டியும் குதித்து ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

மிச்சத்தைக் கேட் வாட்ச்மேன் பெத்தணன் சொல்லித்தான் கேட்டேன். மேட்டில் புகை அடைத்துக்கொண்டதாம். எஞ்சின் அலறியதாம். பாண்டி ஸ்டாப் கம்பியை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறான். சைலன்சரில் தீப்பொறி. கேட்டுக்கு அந்தப் பக்கம் வெயிலில் வெடி காய்கிறது, பொம்பளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். “குதிச்சிருங்கய்யா” என்று பெத்தணன் கத்தியிருக்கிறார். அவன் குதிக்கவில்லை. வண்டியை ஒடித்துத் திருப்பி, தரிசுக் காட்டுக்குள் வெகுதூரம் ஓட்டிப்போயிருக்கிறான். அங்கே இறங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காற்று போகிற வாயை அடைக்கப் போயிருக்கிறான். அந்நேரம் எஞ்சினின் பக்கச் சுவர் உடைந்து இரும்பு அவன் நெஞ்சில் அடித்துவிட்டது. டாப் கியரில் போட்டுப் பிரேக்கை அழுத்தியிருந்தால் எஞ்சின் அணைந்திருக்கும். என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இழவு வீட்டில் கற்பகவல்லி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “நீங்க அன்னைக்கே சொன்னீகளேண்ணே. ஒங்க பேச்சக் கேட்டிருந்தா இந்த மனுசன் உசுரோட இருந்திருப்பாரே.” பக்கத்தில் பாண்டிமீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கூடியிருந்த அத்தனை பேரும் கற்பகவல்லி சொன்னதைக் கேட்டார்கள். ரிங் போன வண்டியை ஓடவிட்டான் என்று நீங்கள் வெள்ளைத்துரையைப் பிடித்துப்போனீர்கள். டீக்கடையில் ரீங்காரம் நின்றது. எனக்குப் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். நான் நன்றாகத் தூங்கினேன்.

அப்படியே இருந்திருப்பேன். உடைந்த எஞ்சினைப் பிரித்துப் பார்த்த உங்கள் இன்ஜினியர், ரிங் எதுவும் தேயவில்லை என்று சொல்லிவிட்டாராம். ஊரில் மறுபடியும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். வெள்ளைத்துரைக்காக வரவில்லை.

யோசித்துப் பாருங்கள், சார். ரிங் நல்லதாக இருந்திருந்தால், நான் எவ்வளவு ஊற்றியிருந்தாலும் வண்டி புகைந்துவிட்டு நின்றிருக்கும். உடையும்வரை ஓடியது என்றால் உள்ளே ரிங் போயிருக்கத்தான் வேண்டும். பாண்டியைக் கொன்றது அதுதான். கிண்ணத்தில் ஊற்றியவன் நான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கொலைகாரன் என்றுகூட எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தொழில் தெரியாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அந்த ரிங்குகளைப் பேப்பரில் சுற்றி மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். கையில் எடுத்துப் பார்க்கச் சொல்கிறீர்கள். வேண்டாம், சார். பார்க்காமலே எனக்குத் தெரியும்.