பெட்டியைக் கீழே வைக்கும் முடிவு

எனக்கு விளையாட்டே வராது சார். பள்ளிக்கூடத்தில்கூட மற்றவர்கள் ஓடுவார்கள், நான் ஓரமாக உட்கார்ந்து புள்ளி எழுதுவேன். அதனால் என் மகள் குட்டி சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, தானே செய்த கேம் என்று சொல்லி விளையாடக் கூப்பிட்டபோது, இந்த வயசில் எனக்கு எதற்கடி என்றுதான் கேட்டேன்.

"ஓடறது சுடறது எல்லாம் இல்லம்மா. கதைதான். படிச்சுட்டே போவ, நடுவுல என்ன பேசணும்னு கேக்கும், ஒண்ண அமுக்கணும். எழுத்துப் பிழை இருந்தா சொல்லு, போதும்."

பிழை என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்தியே ஓய்வு பெற்றவள் நான். ஓட்டலில் விலைப்பட்டியலில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தாலும் இவளுக்குச் சோறு இறங்காது என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அரை மணியில் முடிகிற கதை. படம் அசையாது. கீழே ஒரு கட்டத்தில் வசனம் வரும், தட்டினால் அடுத்தது வரும். பின்னால் விடாமல் மழைச் சத்தம். முதல் படமே எங்கள் சமையலறை. ஒழுகும் குழாய்க்கு நான் கட்டிய துணியைக்கூட விடாமல் வரைந்திருந்தாள். ஓர் அம்மா, ஓர் அப்பா, ஒரு மகள். மகளுக்குத் தூரத்து ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. அந்த அம்மா என்ன பேசுவாள், என்ன செய்வாள் என்பதை விளையாடுகிறவர் முடிவு செய்ய வேண்டும். அவளுக்கு என் மூக்குக்கண்ணாடியை மாட்டியிருந்தாள். முகம் மட்டும் எப்போது பார்த்தாலும் கடுகடு.

"எனக்கு வேற மூஞ்சியே கிடையாதாடி?"

"இருக்கு. நீ அந்த வழிக்குப் போகல."

கதையாகப் பார்த்தால் நன்றாகவே எழுதியிருந்தாள். ஆனால் படிக்கப் படிக்க எனக்குக் கசந்தது. திட்டினேன், மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அழுதேன், போனாள். வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதற்கும் போனாள். கதவு சாத்தும் சத்தம் மட்டும் எல்லா முடிவிலும் ஒன்றுதான். வேலை நிஜம் சார், அந்த ஊரும் நிஜம். அடுத்த மாதம் கிளம்புவதாக இருந்தாள். பெற்ற வயிறு எரிந்தது, அதை நான் மறைக்கவில்லை.

ஒரு மதியம் வேறு வழியில் போய்ப் பார்த்தேன். முதலில் திட்டினேன், அப்புறம் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தேன். மகள் வாசலைத் தாண்டும்போது அந்த அப்பா சுருண்டு விழுந்தார். மகள் பெட்டியைக் கீழே வைத்தாள். "அவள் போகவில்லை" என்று எழுத்து வந்து, படம் மெல்ல மங்கியது. அந்த இடத்தில் ஒரு பிழையும் இல்லை. அதற்குப் பிறகு எங்கே தொடங்கினாலும் அந்த முடிவுக்கே போய்ச் சேர்ந்தேன்.

நானாக எதையும் கற்பனை செய்யவில்லை. எனக்கு அவ்வளவு மூளையும் கிடையாது. இன்னது நடந்தால் நான் போக மாட்டேன் என்று பெற்ற பிள்ளையே எழுதிக் கையில் கொடுத்தால், தாய் என்ன செய்வாள்?

வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம். எந்த மாத்திரை எதற்கு என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் அக்கறையும் கிடையாது. கையை நீட்டுவார், நான் வைப்பேன். அந்த மாத்திரையை வாங்குவதை நிறுத்திவிட்டு, என் எலும்புக்கு எழுதிக்கொடுத்த சத்து மாத்திரையை வைத்தேன்.

"என்னடி இது, சுண்ணாம்பு மாதிரி இருக்கு?"

"கம்பெனி மாறிடுச்சுங்க."

விழுங்கிவிட்டார்.

அப்புறம் உப்பு. டாக்டர் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து என் சமையலுக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று பெயர் வைத்திருந்தார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று தட்டைத் தள்ளுவார். நான் பழையபடி போட ஆரம்பித்தேன், கொஞ்சம் கூடவே போட்டேன். "இப்பதான் உன் கை ருசி திரும்பி வந்திருக்கு" என்று இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்ட தட்டைக் கழுவியும் வைத்தார். கல்யாணம் ஆன நாளாகச் சண்டை இல்லாமல் போன மாதம் எங்களுக்கு அது ஒன்றுதான். நான் அவருக்குக் கெடுதல் நினைத்தேன் என்கிறவர்கள் அந்த மாதம் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

குட்டி துணி மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் குளியலறையில் விழுந்தார். ஒரு பக்கம் கை கால் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. உயிர் போக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை, போகவும் இல்லை. குட்டி அந்த வேலை வேண்டாம் என்று எழுதிப்போட்டாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் என் தோளில் சாய்ந்து அழுதாள். வளர்ந்த பிறகு அவள் என்மேல் சாய்ந்தது அன்றைக்குத்தான். நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

மருந்துக் கடைக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது. அப்பாவுக்கு மாத்திரை வாங்கப் போனவளிடம், "உங்கம்மா பிரஷர் மாத்திரை வாங்கி ரொம்ப நாளாச்சே, கடைய மாத்திட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவள் வந்து என்னைக் கேட்டாள். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, சொல்லிவிட்டேன். உன் கதையில் இருந்ததுதானே என்றும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள்.

"எல்லா வழியும் பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"'மகளோட உக்காந்து பெட்டி அடுக்கு'ன்னு ஒண்ணு இருந்துச்சே. அத அமுக்கினியா?"

"அதுல பிழை இல்ல. அதனால அமுக்கல."

"அத அமுக்கினா அந்த அம்மா சிரிப்பா. நீங்க ரெண்டு பேரும் எங்கூடவே வந்துடுங்கம்மான்னு மக கேப்பா. அங்க மூணு பேருக்கும் சேத்துதான் நான் வீடு பாத்து வெச்சிருந்தேன்."

"அத வாயத் தொறந்து கேக்கறதுக்கு என்ன?"

"நேர்ல கேட்டா நீ கத்துவ. அதுக்குத்தாம்மா இத்தன மாசம் உக்காந்து இதப் பண்ணேன்."

நீங்களே நியாயம் சொல்லுங்கள் சார். நாலு வார்த்தையில் கேட்க வேண்டியதற்குப் படம் வரைந்து, மழை பெய்யவிட்டு, கதை எழுதுவார்களா? போகிற பிள்ளைக்குப் பெட்டி அடுக்கிக் கொடுக்க எந்தத் தாய்க்குக் கை வரும்? தப்பு அவள் பக்கம்தான் தொடங்கியது. அதற்காக நான் கோபப்படவில்லை. உங்களுக்குப் போன் செய்தது அவள்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

வயசாகிவிட்டது, மாத்திரை மாறிப்போனது மறதியில் என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வக்கீல் சொல்கிறார். நல்ல மனுஷர்தான், ஆனால் பிள்ளை பெற்றவராகத் தெரியவில்லை. நான் வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கும். குட்டி என்னை நம்பி அவரை விட மாட்டாள் என்கிறீர்கள். இன்றைக்கு விட மாட்டாள். கோபம் ஆறும், வேறொரு வேலை கூப்பிடும், இவள் கிளம்புவாள். பெற்ற எனக்குத் தெரியாதா? நான் உள்ளே இருந்தால் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கவும் வாயில் ஊட்டவும் அவளை விட்டால் ஆள் கிடையாது. அசைய முடியாதவரைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவாள்?

அதனால் மறதி என்று எழுதாதீர்கள். தெரிந்தே, யோசித்தே செய்தேன் என்று எழுதுங்கள். எத்தனை வருஷம் போட முடியுமோ அத்தனையும் போடச் சொல்லுங்கள். அவள் என்னைப் பார்க்க இங்கே வரப்போவதில்லை, கோபம். கோபமாக இருந்தால் இருக்கட்டும், வீட்டில்தானே இருக்கிறாள்.