லாந்தரை அறியாத விளக்கு

— காப்பி வேண்டாம் மாப்ளே. நான் காப்பி குடிக்க வரல. உன்னைத் தவிர வேற யார் சொல்லியிருப்பா? அதைச் சொல்லு.

— முதல்ல உக்காருங்க மச்சான். லொரெட்டா கொல்லையில துணி காயப்போடறா. காதுல விழுந்தா வருத்தப்படுவா.

— விழட்டும். அவ கூடப்பொறந்த அண்ணன் இந்த மெர்வின், தன் கராஜை இழுத்து மூடப்போறான். அவளும் தெரிஞ்சுக்கட்டும்.

— மூடறதாவது! அப்படி என்ன ஆயிடுச்சு?

— கேளு. வியாழக்கிழமை காலையில அரசாங்க ஆய்வாளர் வந்தான். வந்தவன் என் மெஷின் எதையும் திரும்பிப் பார்க்கல. நேரா என்கிட்ட வந்து, 'உங்க தங்கச்சி வீட்டுக்காரர் லோவெலோட சாம்பல் கலர் ஜெர்மன் கார்ல, முன் விளக்கை என்ன பண்ணீங்க?'ன்னு கேட்டான். கேளு, எந்தக் கார்னு தேடக்கூட இல்ல! கலரோட சொல்றான்! போகும்போது ஸ்டிக்கர் கட்டையும் எடுத்துட்டுப் போயிட்டான். பென்சில்வேனியாவுல வருஷச் சோதனை ஸ்டிக்கர் ஒட்ட முடியாத கராஜுக்கு எவன் வண்டியைக் கொண்டு வருவான்? காத்து அடிக்கவா?

— அடடா...

— அடடாவா? இதே வேலையைக் கேட்டு எத்தனை பேர் வந்தாங்க! எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டேன். உனக்கு மட்டும்தான் செஞ்சேன். எதுக்கு? மான் மேல மோதி உன் பழைய கார் உருண்டதிலேர்ந்து, பொழுது சாஞ்சா என் தங்கச்சி கார்ல ஏற மாட்டேங்கறா. 'வெளிச்சம் நல்லா இருந்தா ஏறுவா மச்சான்'னு நீதானே வந்து கெஞ்சினே?

— கெஞ்சினேன். இல்லேங்கல. ஆனா இன்னும் ஏறல. சந்தைக் கடையைச் சாத்திட்டு யார்கூடவோ எப்படியோ வந்து சேர்ந்துடறா.

— எதிர்ல வண்டி வந்தா தானாவே தாழ்ந்துக்கற அந்த விளக்கு ஜெர்மனியில எல்லார் கார்லயும் எரியுது. இந்த ஊர்ச் சட்டத்துக்கு அது ஒத்து வரலன்னு கம்பெனிக்காரனே பூட்டி அனுப்பறான். நான் லேப்டாப்பை மாட்டி, 'நீ ஜெர்மனியிலதான் ஓடறே'ன்னு உன் காரை நம்ப வச்சேன். லொரெட்டாகிட்டகூட சொல்ல வேண்டாம்னே, சரின்னேன். நாம ரெண்டு பேரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. நான் சொல்லல. அப்போ?

— என் தலையில அடிச்சுச் சொல்றேன், நான் வாயே திறக்கல. ஞாயித்துக்கிழமை வகுப்புல பிள்ளைங்களுக்கு ஒரு கதை சொல்வேன் மச்சான்...

— கதை ஆரம்பிச்சே, இந்தக் காப்பி உன் மடியிலதான்.

— சின்னக் கதைதான். ஒரு நரி நிலாகிட்டப் போய்ப் பளிச்சுன்னு கண்ணு கேட்டுச்சாம். நிலாவும் கொடுத்துச்சு. 'ஆனா, எதிர்ல யார் வெளிச்சத்தோட வந்தாலும் நீ கண்ணைத் தாழ்த்திக்கணும்'னு சொல்லுச்சாம். நரியும் மின்மினி வந்தாக்கூட மரியாதையாத் தாழ்த்திக்கிட்டே நடந்துச்சு. அப்படியும் ஒரு ஆந்தைக்குப் பொறுக்கல. சிங்கராஜாகிட்டப் போய்க் கோள் சொல்லிடுச்சு.

— அந்த ஆந்தை யாருன்னுதானே வந்ததுலேர்ந்து கேக்கறேன்!

— பக்கத்துப் பண்ணை ஈனோஸா இருக்கலாமோ என்னவோ.

— ஈனோஸா? உனக்கு மூளை குழம்பிடுச்சா? காரும் கரண்டும் வேண்டாம்னு பழைய கட்டுப்பாட்டோட வாழற ஆமிஷ் சபைக்காரன் அரசாங்க வாசல்ல போய் நிப்பானா? லாரிக்காரன் ஒருத்தன் அவன் வேலியை இடிச்சுத் தள்ளினான். போலீஸே வந்து கேட்டும் ஈனோஸ் அந்த லாரிக்காரன் பேரைச் சொல்லல. யார் மேலயும் புகார் கொடுக்கறது அவங்க சபையில ஆகாது. அது கிடக்கட்டும், ஈனோஸுக்கு உன் மேல என்ன கோபம்?

— கோபம்னு இல்ல. மூணு வாரம் முன்னாடி அவர் குதிரை மில் ரோட்டுப் பள்ளத்துல விழுந்துச்சே...

— விழுந்துச்சு. கால் முறிஞ்சுச்சு. சுட வேண்டியதாப் போச்சு. அதுக்கும் உனக்கும் என்ன?

— ஒண்ணும் இல்ல.

— மாப்ளே. என் முகத்தைப் பார்த்துப் பேசு. காரைக் கொடுக்கும்போது உன்கிட்ட என்ன சொன்னேன்?

— மில் ரோட்டுல தானியங்கிய நம்பாதேன்னு சொன்னீங்க.

— ஏன்னு சொன்னேன்?

— எதிர்ல வர்றதைப் பார்த்து விளக்கைத் தாழ்த்தற அந்தக் கேமராவுக்குக் கார் விளக்குதான் தெரியும். குதிரை வண்டியில தொங்கற மண்ணெண்ணெய் லாந்தர் தெரியாது.

— மின்சார விளக்கு கூடாதுங்கறது அவங்க கட்டுப்பாடு. அதனால கையாலயே வெளிச்சத்தை இறக்கணும்னு உன்கிட்ட சத்தியம் வாங்கினேன். இறக்கினியா?

— பெரும்பாலும்.

— பெரும்பாலுமா!

— பழகிப்போச்சு மச்சான். எல்லாத்தையும் அதுவே பார்த்துக்குது. கை லீவர் பக்கமே போகல. இதோ இறங்கிடும், இதோ இறங்கிடும்னு நானும் பார்த்துக்கிட்டே வந்தேன். குதிரை முன்னங்கால் ரெண்டையும் தூக்கிடுச்சு...

— ஐயோ கடவுளே. குதிரை மானைப் பார்த்து மிரண்டுச்சுன்னு சர்ச் வாசல்ல நின்னு நானே ஊருக்கெல்லாம் சொன்னேனே! நீயும் பக்கத்துல நின்னு தலையாட்டினியே! வண்டியை நிறுத்தினியா?

— வேகத்தைக் குறைச்சேன். கண்ணாடியில பார்த்தேன். ரெண்டு பேரும் எழுந்து உக்காந்துட்டாங்க. பெரிசா ஒண்ணும் இல்லைன்னு தோணுச்சு.

— ரெண்டு பேரா? ஈனோஸ் தனியாத்தானே போனான்?

— கூட ஒரு பொம்பளை இருந்தா. கறுப்புச் சால்வை போத்திக்கிட்டு. அவர் பொண்டாட்டி. அதான் சொல்றேன், அவங்களுக்கு என்னை அடையாளம் தெரிஞ்சுபோச்சு. அந்தம்மா என் பேரைச் சொல்லியே கூப்பிட்டாங்க.

— பேரைச் சொல்லிக் கூப்பிட்டும் போயிட்டியா?

— இறங்கியிருந்தா போலீஸ் வந்திருக்கும், விளக்கைப் பார்த்திருக்கும். உங்க கராஜ் என்ன ஆகியிருக்கும்? உங்களை நினைச்சுத்தான் மச்சான்...

— என்னை இழுக்காதே! உன் கோழைத்தனத்துக்கு என் பேரை வைக்காதே!

— காப்பி ஆறிப்போச்சு போலிருக்கே.

— லொரெட்டா! எப்ப வந்தே? அந்தத் துணிக்கூடையைக் கீழ வை. கட்டுப் போட்ட கையோட எதுக்கு இதெல்லாம்?

— இன்னுமா கட்டு, தங்கச்சி? வழுக்கி விழுந்து எத்தனை நாளாச்சு?

— சந்தையில தரை ஈரம் மச்சான், பாவம். ஆற நாளாகும்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

— ஆய்வாளர்கிட்ட சொன்னது நான்தான் அண்ணே.

— என்ன சொன்னே?

— நான்தான் போன் பண்ணினேன். டவுன் ஷோரூம்ல விசாரிச்சேன். யாராவது உள்ள நுழைஞ்சு திறந்து விட்டாலொழிய அந்த விளக்கு இந்த ஊர்ல அப்படி எரியாதுன்னாங்க. இங்க அது யாருக்குத் தெரியும்? உனக்குத்தான்.

— சொந்த அண்ணன் சோத்துலயா மண்ணைப் போட்டே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்து பூட்டியிருப்பேனே!

— பூட்டியிருப்பே. அப்புறம் ரெண்டு பேரும் இதே மேஜையில உக்காந்து நான் சுட்ட பூசணிப் பை ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டிருப்பீங்க. செத்த குதிரை செத்ததுதான். ஈனோஸால புகார் கொடுக்க முடியாது. முடிஞ்சவங்க யாராவது கொடுக்கணும் இல்ல? உன் கராஜை நினைச்சு எனக்கும் தூக்கம் இல்ல அண்ணே. என் மேல கோபப்படு. அந்த உரிமை உனக்கு இருக்கு.

— எனக்கு இல்லையா லொரெட்டா? புருஷன்கிட்ட மூச்சு விடாம இப்படிப் பண்ணிட்டியே!

— உங்க நரிக் கதையைக் கொல்லைக் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன் லோவெல். கையில மின்மினிகூட இல்லாத ஒரு முயல் எதிர்ல வந்திருந்தா, நரி என்ன பண்ணியிருக்கும்?

— முயல் அந்தக் கதையில வராது.

— வராது. தெரியும். அதனாலதான் மூணு வாரம் காத்திருந்தேன். சாப்பிடும்போது சொல்வீங்கன்னு பார்த்தேன். என் கைக்குக் கட்டு மாத்தி விடும்போதாவது சொல்வீங்கன்னு பார்த்தேன்.

— எதைச் சொல்றது? யாரோ ரெண்டு பேர் பள்ளத்துல விழுந்ததுக்காக, கட்டின புருஷனையும் கூடப்பொறந்தவனையும் காட்டிக் கொடுப்பியா? என்ன நடந்துச்சுன்னு நீ கண்ணால பார்த்தியா?

— ஈனோஸ் பொண்டாட்டி அன்னைக்கு வீட்டுல ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தா லோவெல். சந்தைக்கு வரவே இல்ல. அவரோட வண்டியில திரும்பி வரும்போது எனக்குக் குளிரும்னு காலையிலயே சால்வையை ஈனோஸ்கிட்ட கொடுத்து அனுப்பியிருந்தா. சால்வை மட்டும்தான் அவளோடது. கூப்பிட்டது நான்.