இடி நின்ற இடைவெளி

அவையை ஆளும் தலைவர் அவர்களே! அகவையில் மூத்த ஆன்றோரே! மரம் அறுத்து மனைகளுக்கு வாசல் தரும் வணிகத் தோழர்களே! ரம்பத்தோடு ரம்பமாய்த் தேயும் உழைப்பாளிகளே! இவர்கள் குறட்டையை இரவெல்லாம் தாங்கும் தாய்மார்களே! வணக்கம்.

யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள். நானும் சிரித்தவன்தான். விலை கொடுத்தவர் வேறொருவர்.

படித்து உயர்ந்தவனல்ல நான். பலகை சுமந்து உயர்ந்தவன். எந்த மரத்துக்குள் பூச்சி என்று தட்டிப் பார்த்தே சொல்வேன். மனிதனைத் தட்டிப் பார்க்கத் தெரியவில்லையே, ஐயா!

என் பட்டறையில் ரம்பம் ஓட்டியவருக்கு 'இடி' என்று பட்டப்பெயர். மதியம் கண்ணயர்ந்தால் தகரக்கூரை அதிரும். அந்தக் குறட்டையைக் கைபேசியில் பிடித்து ரிங்டோனாகவே வைத்துக்கொண்டேன். பட்டறையே வயிறு குலுங்கச் சிரித்தது.

"காலையில எந்திரிச்சா தலை பாறாங்கல்லா கனக்குது முதலாளி. நின்னுக்கிட்டே கண்ணு சொருகுது" என்றார்.

"யோவ் இடி, உனக்கே தூக்கம் பத்தலைன்னா இங்க எவனுக்குய்யா பத்தும்?"

அவர் மனைவியும் வந்து சொன்னார்: "அண்ணே, நடுவுல மூச்சே நின்னுபோகுது. நான்தான் உலுக்கி விடுறேன்."

"நீ உலுக்காம இரும்மா, மனுஷன் தூங்கட்டும்" என்றேன்.

அதற்கு மூன்றாவது வாரம். பட்டப்பகல். ஓடும் ரம்பத்தின் முன் இடிக்குக் கண் சொருகியது. வலது கை மணிக்கட்டோடு போனது.

மருத்துவமனையில் அவர் கட்டிலருகே நிற்கிறேன். என் கைபேசி அலறியது. அதே குறட்டை! வெட்கத்தில் அணைக்கப் போனேன். டாக்டரம்மா தடுத்தார்.

"இருங்க. யாரு இது?"

கட்டிலைக் காட்டினேன். குறட்டை நின்றது. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு திணறல், மறுபடியும் இடி.

"இருபத்தொரு செகண்டு மூச்சில்லை. சத்தத்தைக் கேட்டுச் சிரிச்சிருக்கீங்க. வியாதி அந்த அமைதியில இருக்குங்க. இவரு ராத்திரியெல்லாம் தூங்கலை, மூச்சுக்குப் போராடியிருக்காரு."

மூலையிலிருந்து இடியின் மனைவி சொன்னார்: "இதைத்தானேண்ணே நான் சொன்னேன்."



அன்பர்களே, இடி இதோ முன்வரிசையில் இருக்கிறார். மூச்சுக்கருவி மாட்டி உறங்குகிறார், தலை கனக்கவில்லை. கைதான் திரும்பவில்லை. அவர் சம்மதத்தோடு அந்த ஒலியை இப்போது போடுகிறேன். குறட்டை நின்றதும் எண்ணுங்கள். வீட்டிலும் எண்ணுங்கள். பத்தைத் தொட்டால் விடிந்ததும் மருத்துவரிடம் போங்கள். பகலில் கண் சொருகுபவனைச் சோம்பேறி என்னாதீர்கள்.

பொறுமையாய்க் கேட்டீர்கள், நன்றி. உங்கள் வீட்டில் எல்லோரும் மூச்சோடு விழிக்கட்டும். வணக்கம்.

இதோ, நின்றுவிட்டது. எண்ணுங்கள்.